எழுதிப் பார்த்த ஆசிரியர்கள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடாது. 1960இல் அந்த மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்தின்படி, பள்ளியிறுதி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினரே அங்கே நுழையலாம். அப்படி வடிகட்டிச் சேர்த்த மாணவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர், 1970களின் தொடக்கத்தில், பெர்க்லி வளாகம் எதிர்பார்த்த எழுத்துத் தகுதியை எட்டவில்லை. 'சப்ஜெக்ட் ஏ' என்று அந்தத் தகுதிக்குப் பெயர்; 1898இலிருந்தே நடைமுறையில் இருந்தது. எட்டாதவர்கள் கல்லூரிப் பாடங்களோடு கூடுதலாக ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பிலும் உட்கார வேண்டும். மாநிலத்தின் மிகச் சிறந்த மாணவர்கள், ஒரு கருத்தை எடுத்து நாலு பத்தியில் தெளிவாக நிறுவ முடியாமல், அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளியைக் குறை சொன்னது. உயர்நிலைப் பள்ளி நடுநிலைப் பள்ளியைக் கைகாட்டியது. 1975 டிசம்பரில் 'நியூஸ்வீக்' இதழ், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏன் எழுத வரவில்லை என்பதை அட்டைப்படக் கட்டுரையாக்கியபோது, பழி போட ஆள் தேடும் வேலை நாடு முழுக்கப் பரவியது. தொலைக்காட்சியைச் சொன்னார்கள், இலக்கணம் கற்பிப்பதைக் கைவிட்டதைச் சொன்னார்கள். எழுதக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரில் ஒருவர் ஆய்வாளர் டொனால்ட் கிரேவ்ஸ். 1978இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக அவர் தயாரித்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. 36 பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகளில் நடந்த பாடங்களை எண்ணியபோது, வாசிப்பு கற்பிப்பதற்கு 169 பாடங்கள் இருந்தன; குழந்தை இலக்கியத்துக்கு 30; மொழித்திறன்களுக்கு 21; எழுத்துக்கு இரண்டே இரண்டு. ஆங்கில ஆசிரியராகப் போகிறவர் இலக்கியத்தில் பட்டம் வாங்குவார். ஷேக்ஸ்பியரில் தேர்ச்சி பெறுவார். நாளை முப்பது பிள்ளைகள் வெள்ளைத்தாளை வெறித்துக்கொண்டு உட்காரும்போது என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லித்தர ஆளில்லை.

சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் வாய்பாடு வந்து உட்கார்ந்துவிடும். அமெரிக்கப் பள்ளியில் அது ஐந்து பத்திக் கட்டுரை: முதல் பத்தியில் மூன்று காரணங்களை அறிவித்து, அடுத்த மூன்றில் ஒவ்வொன்றாக விரித்து, கடைசியில் அதே மூன்றையும் திரும்பச் சொல்லி முடிப்பது. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று நம் பள்ளிக் கட்டுரை நோட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆர்தர் ஆப்பிள்பீ 1981இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றியது. ஒரு பத்தியோ அதற்கு மேலோ தொடர்ந்து எழுதும் வேலைக்கு அங்கே வகுப்பு நேரத்தில் சுமார் 3 சதவீதம்தான் போனது என்று அவர் கண்டார். மீதி நேரத்தில் எழுதியதெல்லாம் கோடிட்ட இடம் நிரப்புவதும் ஒற்றை வரி விடையும் குறிப்பெடுப்பதும்.

இதில் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, நியாயமாகாது. நாளுக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவை கட்டுரை எழுதச் சொன்னால் 150 கட்டுரைகள் மேசைக்கு வரும். ஒன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினாலும் 25 மணி நேரம். அது பள்ளி நேரத்துக்கு வெளியே, வீட்டில், இரவில் தேட வேண்டிய நேரம். அதனால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும். வருவதிலும் பிழைக்குச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ஒற்றைச் சொல் எழுதித் தருவதே நடக்கும். அந்தத் திருத்தத்தைப் பார்த்து எப்படி மேம்படுத்துவது என்று பிள்ளைக்கும் தெரியாது.

*

ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. முதலில் அறிவியல், கணிதம், அந்நிய மொழிகளுக்குக் கிடைத்த பணம், 1964இல் சட்டம் விரிவாக்கப்பட்ட பிறகு ஆங்கிலத்துக்கும் வந்தது. கோடையில் பல்கலைக்கழக வளாகங்களில் முகாம்கள் நடந்தன. மேடையில் பேராசிரியர்கள் பேசினார்கள். கீழே உட்கார்ந்து ஆசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் குறிப்பேடு அலமாரிக்குப் போனது. பயிற்சி தருகிறவருக்குத் தெரியும், பெறுகிறவருக்குத் தெரியாது என்பதே அந்த ஏற்பாட்டின் அடித்தளம். பள்ளி வகுப்பறைக்குள் பல வருடங்களாகக் கால் வைக்காதவர், தினமும் அதிலேயே நிற்கிறவருக்கு வழி சொன்னார்.

ஜேம்ஸ் கிரே இந்த அடித்தளத்தையே புரட்டினார். சான் லியாண்ட்ரோ உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்துவிட்டு, பெர்க்லியின் கல்வியியல் துறையில் பயிற்சி ஆசிரியர்களை மேற்பார்வையிடும் வேலைக்கு வந்தவர் அவர். பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்கப் பள்ளி பள்ளியாகப் போனபோது ஒன்று அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. எழுத்தை அருமையாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கங்கே இருந்தார்கள். அவர்கள் செய்வது பக்கத்து அறை ஆசிரியருக்குக்கூடத் தெரியவில்லை. அவர்கள் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவர்களோடு போய்விடும். பள்ளி ஆசிரியரான ஆல்பர்ட் லாவின், பெர்க்லி ஆங்கிலத் துறையில் பெண்களில் முதலாவதாக நிரந்தரப் பேராசிரியரான கவிஞர் ஜோசஃபின் மைல்ஸ் முதலானவர்கள் துணை நிற்க, 1974 கோடையில் 'வளைகுடாப் பகுதி எழுத்துத் திட்டம்' தொடங்கியது. அழைக்கப்பட்டவர்கள் எழுதக் கற்பிப்பதில் பேர் வாங்கிய ஆசிரியர்கள். குறையுள்ளவர்களைச் சீர்செய்யும் முகாமாக அதை கிரே அமைக்கவில்லை. நன்றாகச் செய்கிறவர்கள் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் காட்டும் இடமாக அமைத்தார்.

பின்னாளில் நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் பரவிய அந்தக் கோடைப் பள்ளியின் அமைப்பு எளிமையானது. ஏறக்குறைய ஐந்து வாரம். வந்தவர்களுக்கு உதவித்தொகை. வேலை மூன்று: தன் வகுப்பை மற்றவர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டும், தானே எழுத வேண்டும், எழுத்துக் கல்வி பற்றிய ஆய்வுகளைப் படித்து விவாதிக்க வேண்டும்.

மூன்றில் வெளியே அதிகம் பேசப்பட்டது இரண்டாவது. கடினமானது முதலாவது என்றே நினைக்கிறேன். மாதிரி வகுப்பு என்றால், நமக்குப் பழக்கமான பொருளில், மேலதிகாரி பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க நடத்தும் வகுப்பு. இங்கே சக ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அந்தப் பாடம் கேட்பதை உண்மையிலேயே எழுதிப் பார்ப்பார்கள். முடிந்ததும் நடத்தியவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இதை ஏன் செய்கிறீர்கள்? 'என் வகுப்பில் இது நன்றாகப் போகும்' என்பது பதிலாகாது. எந்தப் பிள்ளைக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை, என்ன எதிர்பார்த்தேன், பிள்ளைகள் எழுதித் தந்ததில் என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் கைப்பழக்கத்தில் செய்துவந்ததற்கு முதன்முறையாகக் காரணம் தேடும் வேலை அது. காரணம் கிடைத்தால் அந்தப் பாடத்தை வேறொருவர் எடுத்துச் சென்று தன் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அதைத் தொடர்வதா வேண்டாமா என்று அவரே யோசிப்பார்.

பிற்பகல்களில் எழுத்துக் குழு. நாலைந்து பேர், கோடை முழுக்க அதே ஆட்கள். எழுதியதைச் சத்தமாகப் படிப்பார்கள். மற்றவர்கள் கேட்டதைச் சொல்வார்கள். மதிப்பெண் கிடையாது. பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட, ஆசிரியர் இல்லாமலேயே எழுதப் பழகும் குழுக்கள் பற்றிய நூல் இதற்கு ஒரு தூண்டுதல். வாசிப்பவர் தீர்ப்புச் சொல்லாமல், வாசிக்கும்போது தனக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லட்டும் என்பது அவர் முறை.

ஆசிரியரை எழுத வைப்பதற்குப் பின்னால் ஒரு தெளிவான வாதம் இருந்தது. 1971இல் ஜேனட் எமிக், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை உட்காரவைத்து, எழுதிக்கொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். பாடநூல் சொல்லும் வரிசை அந்தப் பதிவுகளில் காணவில்லை. முதலில் சட்டகம் போட்டு, பிறகு நிரப்பி, கடைசியில் சரிபார்ப்பது என்று யாரும் போகவில்லை. எழுதினார்கள், நின்றார்கள், திரும்பிப் போய் மாற்றினார்கள், எழுதும் போக்கிலேயே என்ன சொல்ல வருகிறோம் என்பதைக் கண்டார்கள். வகுப்பறை அந்த நிறுத்தங்களுக்கு இடம் தரவில்லை. அதற்கு ஒரு காரணம், கற்பிக்கிறவர்கள் தாமே எழுதுவது அபூர்வம் என்பது. அதற்கு முன்பே, 1954இல் தலையங்கங்களுக்காகப் புலிட்சர் பரிசு பெற்று, பின்பு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிக்க வந்த டொனால்ட் மரே, எழுதுகிறவனுக்குத் தெரிந்த திணறல் வகுப்பறைக்குள் வர வேண்டும் என்று 1968இல் ஒரு நூலே எழுதினார்.

பிள்ளைகள் பின்பற்ற முன்மாதிரி காட்டுவதோடு இந்த வாதம் நிற்கவில்லை. எழுதிப் பார்த்த ஆசிரியருக்கு வேறொரு விதமான அறிவு கிடைக்கிறது. 'இந்தப் பத்தியை இன்னும் விரிவாக எழுது' என்று பிள்ளையிடம் சொல்வது எவ்வளவு பயனற்றது என்பது, அதே வாசகத்தை ஒரு சக ஆசிரியர் தன் எழுத்தின்மேல் சொல்லும்போதுதான் உறைக்கும். எங்கே விரிப்பது, எதை? கேட்டவருக்கு எது புரியவில்லை? அப்படி ஒருமுறை திண்டாடியவர் அடுத்த தடவை பிள்ளையின் தாளில் அந்த வாசகத்தை எழுதமாட்டார். 'உங்கள் பாட்டி கதவைச் சாத்திய பிறகு என்ன செய்தார்?' என்று கேட்பார்.

*

எதிர்வாதமும் வந்தது. 1990இல் 'இங்கிலீஷ் ஜர்னல்' இதழில் கேரன் ஜோஸ்ட் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், எழுத்து கற்பிக்கும் ஆசிரியர்கள் எழுதவே கூடாது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். நேரம் எங்கே இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு எழுதினால் பதவி உயர்வு உண்டு, கற்பிக்கும் மணிகள் குறையும். பள்ளி ஆசிரியருக்கு எழுதுவதால் சம்பளமும் கூடாது, சுமையும் குறையாது. எழுதாதது குற்றம் என்ற உணர்வைப் பேராசிரியர்கள் பள்ளி ஆசிரியர்மேல் ஏற்றுகிறார்கள் என்பது அவர் மனக்குறை. இதழுக்கு மறுப்புகள் குவிந்தன.

மறுத்தவர்களின் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜோஸ்ட் தொட்ட இடம் சரியானது. 25 மணி நேரத் திருத்தல் வேலை வீட்டில் காத்திருக்கும் ஒருவரிடம், கூடவே நாட்குறிப்பும் எழுதுங்கள், கவிதையும் எழுதுங்கள் என்று அறிவுரை சொல்வதற்கு எந்தத் தகுதியும் நமக்கு இல்லை. எழுதும் ஆசிரியர் வேண்டுமென்றால் எழுதுவதற்கான நேரத்தையும் உதவித்தொகையையும் குழுவையும் யாராவது ஏற்பாடு செய்து தர வேண்டும். கிரே செய்தது அதைத்தான். தனிப்பட்ட ஆசிரியரின் மனவுறுதியை நம்பி அவர் எதையும் கட்டவில்லை.

இன்னும் கடினமான கேள்வி வேறு: ஆசிரியர் எழுதினால் மாணவர் எழுத்து மேம்படுகிறதா?

இங்கிலாந்தில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். 2015க்கும் 2017க்கும் இடையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டெரேசா கிரெமின், எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் டெப்ரா மைஹில் ஆகியோர், 1968இலிருந்து எழுத்தாளர் முகாம்களை நடத்திவரும் ஆர்வான் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஆசிரியர்கள் ஒரு வாரம் கிராமப்புற முகாமில் தங்கி, தொழில்முறை எழுத்தாளர்களோடு எழுதினார்கள். பிறகு அந்த எழுத்தாளர்கள் அவர்களுடைய வகுப்புகளுக்கு வந்து சேர்ந்து கற்பித்தார்கள். முகாமுக்குப் போகாத ஆசிரியர்களின் வகுப்புகள் ஒப்பீட்டுக்கு இருந்தன. ஆசிரியர்கள் மாறினார்கள் என்பதில் சந்தேகமில்லை: தம்மை எழுதுகிறவர்களாக எண்ணத் தொடங்கினார்கள், வகுப்பில் சுதந்திரமாக எழுத நேரம் கொடுத்தார்கள், தம் எழுத்தைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டினார்கள். பிள்ளைகளின் ஆர்வமும் தன்னம்பிக்கையும் உயர்ந்தன. அவர்கள் எழுதிய தாள்களை மதிப்பிட்டபோது தரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை.

இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டது அந்த ஆய்வாளர்களின் நேர்மை. எழுதும் ஆசிரியரைக் கொண்டாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஆர்வம் வேண்டும்தான். ஆனால் ஒரு வாக்கியம் ஏன் தடுமாறுகிறது, ஒரு வாதம் எங்கே இற்றுப்போகிறது என்று பிள்ளைக்குச் சொல்ல ஆசிரியருக்குத் தனியாக ஓர் அறிவு தேவை. தானாக எழுதுவதால் மட்டும் அது வந்துவிடாது. நல்ல எழுத்தாளர்களில் எத்தனை பேரால் தம் கைவேலையை இன்னொருவருக்கு விளக்க முடிகிறது?

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பரிசோதனை அமெரிக்காவில் நடந்தது. அதற்குள் கிரேயின் பெர்க்லித் திட்டம் தேசிய எழுத்துத் திட்டமாக வளர்ந்திருந்தது. அரசு மானியத்தில் அது நடத்திய 'கல்லூரிக்கு ஆயத்தமாகும் எழுத்தாளர்கள்' என்ற பயிற்சியை எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் என்ற தனி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பத்து மாநிலங்களில், வறுமை மிகுந்த 44 கிராமப்புறப் பள்ளி மாவட்டங்கள். குலுக்கல் முறையில் 22க்குப் பயிற்சி, 22 ஒப்பீட்டுக்கு. ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு வருடம், வருடத்துக்கு 45 மணி நேரமாவது. பயிற்சி தந்தவர்கள் தேசிய எழுத்துத் திட்டத்தின் ஆசிரியர்கள். அவர்கள் வகுப்புக்குள் வந்து நடத்திக் காட்டினார்கள். கூடவே நின்று நடத்தினார்கள். பிள்ளைகளின் தாள்களைச் சேர்ந்து உட்கார்ந்து படித்து, அடுத்த பாடத்தைத் திட்டமிட்டார்கள். பாடத்தின் மையம் வாத எழுத்து: ஒன்றுக்கொன்று முரண்படும் சில கட்டுரைகளைப் படித்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு தன் நிலைப்பாட்டை எழுதுவது. 2017இல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி பெற்ற மாவட்டங்களின் மாணவர் எழுத்து, கருத்து, கட்டமைப்பு, தொனி, மொழிச் செம்மை ஆகிய நான்கிலும் முந்தியது. பெரிய அளவில், குலுக்கல் முறையில் சோதித்து, எழுத்துப் பயிற்சிக்கு இப்படி ஒரு விளைவு கிடைப்பது அரிது.

இரண்டு பரிசோதனைகளையும் நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிள்ளைகளின் வயது வேறு, எழுத்து வகை வேறு, பயிற்சியின் நீளம் வேறு. ஆனாலும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. எழுதும் அனுபவம் ஆசிரியரைத் திறக்கிறது. திறந்த ஆசிரியர் சக ஆசிரியர்களோடு மாணவர் தாள்களை மேசையில் பரப்பி, அடுத்த வாரம் என்ன செய்வது என்று மாதக்கணக்கில் பேசும்போதுதான் பிள்ளையின் தாள் மாறுகிறது. கிரேயின் மூன்று வேலைகளில் இரண்டாவதை மட்டும் பிரித்தெடுத்துச் செய்தால் ஆசிரியருக்கு ஒரு நல்ல கோடை கிடைக்கும்; மூன்றும் சேர்ந்தால் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

*

கிரேயின் திட்டம் எழுத்துக் குழுவோடு முடிந்துவிடவில்லை. கோடைப் பள்ளி முடித்தவர்களுக்கு 'ஆலோசக ஆசிரியர்' என்று பெயர். அவர்கள் வருட நடுவில் வேறு பள்ளிகளுக்குப் போய், ஊதியம் பெற்று, தொடர் பயிலரங்குகளை நடத்தினார்கள். ஒரே நாளில் வந்து பேசிவிட்டுப் போகும் விருந்தினர் பேச்சைத் திட்டம் ஒதுக்கியது. அமர்வுகள் பல வாரங்களுக்கு நீண்டன. வகுப்பறையைவிட்டு விலகாமலே ஓர் ஆசிரியர் தன் தொழிலில் மேலே போகலாம் என்பதற்கு இது ஒரு வழி. பள்ளித் தொழிலில் உயர்வு என்றாலே தலைமையாசிரியர் அறைக்கோ அலுவலகத்துக்கோ போவது என்று இருக்கும்போது இது சிறிய விஷயமல்ல.

ஆசிரியர்களின் எழுத்துக்கு அச்சிலும் இடம் கிடைத்தது. பெர்க்லித் திட்டம் ஆசிரியர்கள் எழுதிய சிறு நூல்களைத் தொடக்கத்திலிருந்தே வெளியிட்டது. தேசிய எழுத்துத் திட்டத்தின் காலாண்டிதழ், வகுப்பறையிலிருந்து வந்த கட்டுரைகளை ஆய்வாளர்களின் கட்டுரைகளோடு சேர்த்தே அச்சிட்டது. வெர்மான்ட் மலைப்பகுதியில், மிடில்பரி கல்லூரியின் பிரெட் லோஃப் ஆங்கிலப் பள்ளியில் டிக்ஸி கோஸ்வாமி, ஆசிரியர்கள் தம் வகுப்பையே ஆய்வுக்களமாக்கி எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். அங்கே படித்தவர்களில் ஒருவர் மேய்ன் மாநிலத்தின் பூத்பே ஹார்பர் என்ற கடலோர ஊரில் எட்டாம் வகுப்பு நடத்திய நான்சி அட்வெல். தன் பெரிய மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து பிள்ளைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்த கதையை அவர் 1987இல் 'இன் த மிடில்' என்ற நூலாக எழுதினார். என்ன எழுதுவது என்பதைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்வது, வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை எழுதவும் படிக்கவும் விடுவது, ஆசிரியர் ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து இரண்டு நிமிடம் பேசுவது என்ற முறையை ஆசிரியர்கள் லட்சக்கணக்கில் அந்த நூலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 2015இல் உலக ஆசிரியர் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டபோது அது அவருக்குப் போனது. பரிசுத் தொகையான பத்து லட்சம் டாலரையும் தான் நிறுவிய பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

அட்வெல்லின் நூல் ஏன் முக்கியம் என்றால், அதுவரை வகுப்பறையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய கட்டுரையில் ஆசிரியர் பெயர் மாற்றப்பட்ட ஒரு பாத்திரம். 1986இல் ஃபிலடெல்ஃபியா எழுத்துத் திட்டத்தைத் தொடங்கிய சூசன் லிட்டில், மேரிலின் காக்ரன்-ஸ்மித்தோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட நூல் இந்த ஏற்பாட்டையே கேள்விக்குள்ளாக்கியது. ஆசிரியர் தன் வகுப்பைப் பற்றித் திரட்டும் அறிவும் அறிவுதான், அது பேராசிரியரின் கோட்பாட்டுக்கு மூலப்பொருளாக மட்டும் கிடக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். அந்த நூலின் ஒரு பகுதியில் ஆசிரியர்களின் சொந்த ஆய்வுகளையே அச்சிட்டார்கள்.

எல்லோருக்கும் இது எளிதாக வரவில்லை. பள்ளி ஆசிரியர் கட்டுரை அனுப்பத் தயங்குவதற்கு மொழித் தடை காரணமில்லை. 'சொல்ல நான் யார்' என்ற தயக்கமே காரணம். ஆன் விட்னி, கோடைப் பள்ளிக்கு வந்த ஆசிரியர்களின் எழுத்துக் குழுக்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தயக்கம் எப்படி விலகுகிறது என்பதைத் தேடுகிறது. குழுவில் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதிப் படிக்க, மற்றவர்கள் அதை ஒரு எழுத்தாளரின் படைப்பாகவே எடுத்துக்கொண்டு பேசும்போது, தன் குரலுக்கு மதிப்பு உண்டு என்பது அவருக்கு வசப்படத் தொடங்குகிறது. வகுப்பைப் பற்றிப் பொதுவில் எழுதும் துணிவும் அங்கேதான் வேர் விடுகிறது.

பெர்க்லியிலிருந்து கிளைத்த இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். ஹேவார்டின் சபோ கல்லூரியில் 1981இல் ஃபீலிக்ஸ் கலவிஸ், பாட்ரிசியா மெக்ராத் இருவரும் தொடங்கிய 'புவென்டே' திட்டம், மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் கல்லூரியைப் பாதியில் விடுவதைத் தடுக்க எழுத்து வகுப்பையே பிடிமானமாக்கியது. அதன் ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி வளைகுடாப் பகுதித் திட்டத்தோடு இணைந்தே உருவானது. மாணவர்கள் தம் குடும்பத்தைப் பற்றியும் தம் தெருவைப் பற்றியும் எழுதினார்கள். அதைப் படிக்கும் ஆசிரியர், தானும் தன் குடும்பத்தைப் பற்றி எழுதிப் பார்த்தவராக இருந்தார்.

*

1976 வாக்கில் கிரேயின் கோடைப் பள்ளி மாதிரி கலிஃபோர்னியாவைத் தாண்டத் தொடங்கியது. மனிதவியல் துறைகளுக்கான தேசிய அறக்கட்டளையின் பணமும், தொடக்க கால மதிப்பீட்டுக்கு கார்னகி நிறுவனத்தின் பணமும் உதவின. 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் நேரடி நிதி ஒதுக்கியது. ஒரு மையம் கூட்டாட்சிப் பணம் வாங்கினால் ஈடான தொகையை உள்ளூரிலும் திரட்ட வேண்டும் என்பது விதி. அதனால் பல்கலைக்கழகங்களும் பள்ளி மாவட்டங்களும் பொறுப்பேற்றன. உச்சத்தில் ஏறக்குறைய 200 மையங்கள், வருடத்துக்குச் சுமார் 2.5 கோடி டாலர் கூட்டாட்சி நிதி. 2011இல், தனித் திட்டங்களுக்குப் பெயர் சொல்லி ஒதுக்கும் வழக்கத்தை நாடாளுமன்றம் நிறுத்தியபோது அந்த நிதி ஒரே வீச்சில் போயிற்று. ஆசிரியர்கள் எழுதியே போராடினார்கள். கோடைப் பள்ளி தங்கள் வகுப்பை எப்படி மாற்றியது என்று பொதுவெளியில் எழுதித் தள்ளினார்கள். நேரடி நிதி திரும்பவில்லை. சில மையங்கள் மூடின. சில கோடையைச் சுருக்கின.

பிறகு வந்த பணம் போட்டி மானியங்களாக வந்தது. அதோடு ஒரு மாற்றமும் வந்தது. முன்பு ஆசிரியர் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எதை வேண்டுமானாலும் ஆராயலாம். மானியம் அளக்கக்கூடிய விளைவைக் கேட்டது. ஆகவே பயிற்சி, சான்றுகளோடு வாதிடும் எழுத்தைச் சுற்றிக் குவிந்தது. கிராமப்புற மாவட்டங்களில் கிடைத்த வெற்றி அந்தக் குவிப்பிலிருந்து பிறந்தது என்பதை மறுக்க முடியாது. அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஒரு ஆசிரியர் தன் தாயின் கடைசி நாட்களைப் பற்றி எழுதி, அதை ஐந்து பேர் கொண்ட குழுவில் படிக்கும் பிற்பகலுக்கு மானிய விண்ணப்பத்தில் எந்தக் கட்டமும் இல்லை. அந்தப் பிற்பகல்களுக்கு இடம் தொடர வேண்டும் என்று நம்புகிறவன் நான். மதிப்பெண் உயர்வால் மட்டும் அவற்றை நியாயப்படுத்தத் தேவையில்லை. எழுதக் கற்பிக்கும் தொழிலில் முப்பது வருடம் சலிப்பின்றி ஒருவர் நிற்பதற்கு அவை துணையாகின்றன.

கிரே 2005இல் காலமானார். தன்னார்வத்தோடு வருகிறவர்களுக்கு மட்டுமே பயிற்சி என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர். கட்டாயப்படுத்தி உட்காரவைத்த ஆசிரியரால் ஒரு நல்ல பயிலரங்கையே கெடுத்துவிட முடியும் என்பது அவர் கண்டறிந்தது. கிராமப்புறப் பரிசோதனை அந்த விதியை வளைத்தது: பரிசோதனையின் தேவைக்காக, ஒரு மாவட்டத்தின் ஆங்கில ஆசிரியர்களில் பெரும்பாலோரை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. விரும்பி வந்தவர்களோடு, வரச் சொன்னதால் வந்தவர்களும் இருந்தார்கள். விளைவு கிடைத்தது. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி தந்தவர்கள், கூட நின்று வகுப்பெடுத்தவர்கள், தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பேசியவர்கள், ஏதோ ஒரு கோடையில் தாமாகவே விண்ணப்பித்து, ஐந்து வாரம் எழுதி, தம் வகுப்பை மற்றவர்முன் திறந்து காட்டியவர்கள். நேரடி நிதி நின்ற பிறகு அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் கோடைப் பள்ளிகளே முதலில் சுருங்கின. அடுத்த 44 மாவட்டங்களுக்குப் போக வேண்டியவர்களுக்கு எந்தக் கோடையில், யார் பணத்தில் பயிற்சி தருவது என்பதை ஒவ்வொரு மையமும் இன்று தனித்தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.